ஃபியூச்சரைத் திறக்காதவர்

மாடி வீட்டு புரோகிராமருக்கு வேலை போன விஷயம் இந்தத் தெருவில் எனக்குத்தான் முதலில் தெரியும். அவர் மனைவிக்கும் முன்பே.

மோட்டார் போடப் போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. நான் விடுகிற ரகமா? தோண்டினேன்.

"ரத்த வங்கிக்கு எழுதின புரோகிராம்க்கா. ஃப்ரிட்ஜ்ல சூடு ஏறினா டாக்டருக்கு மெசேஜ் போகணும். அந்த வேலைய ஒரு த்ரெட்கிட்ட விட்டிருந்தேன்."

"த்ரெட்டுன்னா?"

"பக்கத்துலயே தனியா ஓடற இன்னொரு ஆள் மாதிரி. அதுல தப்பு நடந்தா எக்ஸெப்ஷன்னு ஒரு பிழை கிளம்பும். ஆனா கத்தாது. ஃபியூச்சர்னு ஒரு பெட்டி, அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். நாம கேட்டாதான் வெளிய வரும்."

"நீங்க கேக்கலையா தம்பி?"

"கேட்டா, அந்த ஆள் வேலைய முடிக்கற வரைக்கும் புரோகிராம் காத்து நிக்கணும்க்கா. வேகம் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

மெசேஜ் போகவில்லை. பிழை பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்க, ரத்தப் பைகள் அத்தனையும் வீண். அந்தப் பெட்டிக்குப் போய் எதிர்காலம் என்று பெயர் வைத்த மகராசன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஆபீசில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்களாம். கேட்கிற வரியைச் சேர்த்தவர், வெளியே வருவதைப் பிடிக்கிற வரியை மறந்துவிட்டார். பிடிக்க ஆளில்லாத எக்ஸெப்ஷன் மொத்தப் புரோகிராமையும் படுக்கவைத்துவிட்டது. அன்று காலை வாசலிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்களாம்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"அவ கேக்கட்டும்க்கா."

அதன்பிறகும் தினம் இஸ்திரிச் சட்டையும் தோள்பையுமாகக் கிளம்பினார். போவது நூலகத்துக்கு; என் கண்ணுக்கு அது தப்புமா? சாயங்காலம் களைத்து வருவார். களைப்பு மட்டும் நடிப்பில்லை.

நேற்று மொட்டைமாடியில் அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் நாக்கு நமநமத்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமே..."

"தெரியும்க்கா. லேப்டாப் இல்லாத பை, நடக்கறப்பவே காத்தாடுது. பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் ஈரச் சட்டையை உதறினாள். "கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டு உடைஞ்சு போவாரு. அப்ப தாங்கிப் பிடிக்க எனக்குத் தெம்பில்லக்கா."

கீழே கேட் கிறீச்சிட்டது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தாள்.

"இன்னிக்கும் ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?"

"ஆமா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.