பாஞ்சாலியின் முழங்கால்

பாஞ்சாலியின் இடது முழங்காலை அமுதவல்லி மெல்ல நீட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்பருகிலிருந்து அந்தப் பிள்ளையின் அம்மா செல்லி கேட்டாள்:

"உங்களுக்கு கவர்மெண்டு வேலை வந்திருச்சாமே டீச்சர்?"

அமுதவல்லியின் கை நின்றது. அதைச் சொல்லத்தான் அன்று பாப்பாரப்பட்டியைத் தாண்டி காட்டு நடுவே சில வீடுகளே உள்ள இந்தக் கொட்டாய்க்கு வந்திருந்தாள். வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள், வண்டியை நிறுத்தியதும் உதிர்ந்துபோயின. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். ஒப்பந்த வேலை, எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். வருடக்கணக்கில் விடியலில் எழுந்து படித்துத் தேர்வெழுதியதற்கு, இப்போது கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"யாரு சொன்னாங்கக்கா?"

"சந்தையில பேசிக்கிட்டாங்க. போங்க டீச்சர். நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன்."

செல்லி கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான ஆறுதலையும் அமுதவல்லி தயாராக வைத்திருந்தாள். செல்லியோ களி கிண்டுவதைக்கூட நிறுத்தவில்லை. அமுதவல்லிக்குச் சுருக்கென்றது.

"நான் போயிட்டா பாஞ்சாலி?"

"வேற யாராச்சும் வருவாங்க. வராட்டியும், நீங்க வர்றதுக்கு முன்னால இவள நாந்தானுங்களே தூக்கித் திரிஞ்சேன்." செல்லியின் குரலில் கோபமில்லை. "எம்புள்ளயச் சாக்கு வச்சி நல்ல வேலைய வுட்றாதீங்க. நாளைக்கு அந்தப் பழி இவ தலைலதான் வுழும்."

சாக்கு என்ற அந்தச் சொல்தான் அமுதவல்லிக்கு உள்ளே போய்த் தைத்தது. சில நாட்களாகவே வேலையில் சேராமல் இருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு இந்தப் பிள்ளையின் வளைந்த கால் வாகாக இருந்தது. செல்லி அதையும் பிடுங்கிக்கொண்டாள். மிச்சமிருந்தது இந்த வேலைமேல் அமுதவல்லிக்கு இருந்த ஆசை மட்டும்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு வேறெதுவும் கிடைக்காமல்தான் பிசியோதெரபி படிப்பில் சேர்ந்தாள். சேலத்தில் பயிற்சியின்போது, பக்கவாதம் வந்த ஒரு லாரி டிரைவரின் மூடிய விரல்கள் அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்று சாப்பிட மறந்துபோனாள். எல்லோரும் சேவை என்றார்கள். அவளுக்கோ அது பசி மாதிரிதான் இருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

பாஞ்சாலியின் தொடைக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டிருந்த தசை, அப்போதுதான் அவள் விரலடியில் ஒரு மூச்சு விட்டதுபோல் இளகியது. பிள்ளை சிரித்தது. கூச்சமாக இருந்திருக்கும்.

அன்று மாலை கணவன் மாதவராஜிடம் சொன்னாள்.

"நான் சேரலைங்க."

வேலை பார்க்கும் உரக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சட்டைப் பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"அந்தப் புள்ளைக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் அரைமனதாகவாவது ஒத்துக்கொண்டிருப்பான்.

"இல்லைங்க. எனக்காக."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "நீ படிக்கிறப்ப சோறாக்குனேன். எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கி நானே கூட்டிட்டுப் போனேன். உனக்குப் புடிச்சது உனக்கு இருக்குது. சரி. எனக்கு என்ன இருக்குது அமுதா?"

கேட்டது நியாயம்தான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை அவள் கிருஷ்ணகிரி பஸ் ஏறவில்லை. அதன் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பாடு ஆச்சா, கேஸ் தீர்ந்திருச்சு, அவ்வளவுதான். தான் செய்தது சரிதானா என்று அவளுக்கும் தெரியவில்லை. கொட்டாய்க்குப் போகும் நாட்களில் மட்டும் அந்தக் கேள்வி எங்கோ போய்விடும். திரும்பி வரும் வழியில் மறுபடி வந்து பின்சீட்டில் ஏறிக்கொள்ளும்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவள் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் நின்றது. அவள் கேட்கவில்லை, மாதவராஜே பைக்கை எடுத்தான். செல்லி வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டவன், வண்டியை அணைக்கவுமில்லை, திருப்பவுமில்லை.

அமுதவல்லி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பாஞ்சாலியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை மெதுவாக நீட்டினாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே இன்ஜின் துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை கழுத்தை வளைத்து வாசலைப் பார்த்தது.

"அது யாரு டீச்சர்? நம்மளையே பாக்கறாரு."

"காலைத் தளர்த்து சாமி."

அவள் நிமிரவில்லை. இறுகியிருந்த தசைக்காக விரல்கள் பொறுமையாகக் காத்திருந்தன. சற்று நேரத்தில் வெளியே இன்ஜின் சத்தம் நின்றது.