சொன்ன வாயே கூப்பிட வேண்டும்

பெயர்தான் இரண்டு வருடக் கல்லூரி. காயிங் அதில் சேர்ந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. நடுவில் கல்யாணம், ஒரு பையன், மாமியாரின் சாவு, கோழி ஆலையில் வேலை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், தெம்பு இருந்தால் இரண்டு. ஃபிரெஸ்னோ ஊரில் இப்படி எத்தனையோ பேர். இங்கே இரண்டு வருடம் மலிவாகப் படித்துவிட்டு, மூன்றாவது வருடத்துக்கு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்குத் தாவிவிடலாம் என்று நம்பிச் சேருவார்கள். தாவுவதற்குள் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிடும். காயிங்குக்கு இன்னும் நரைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் அவளுக்குக் கதவு திறந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. மருந்தாளர் படிப்புக்குப் போகிற வழி அது. புருஷன் தெங் அந்த ஊரிலேயே ஒரு கிடங்கில் வேலை பேசி வைத்துவிட்டான். பையனுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. இந்த வசந்தப் பருவத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகத்தைத் தேறியாக வேண்டும். அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். தவறினால் இடம் போச்சு. மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும், அப்போது கிடைக்குமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கல்லூரி ஆலோசகர் டெல்கடோ அம்மாள் இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லியிருந்தாள். "இந்த ஒரு பாடம்தான் காயிங். தும்மல் வந்தாலும் வகுப்புல போய்த் தும்மு."

பாடம் எடுக்கிற லார்சன் வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. மார்ச் மாதம் பையன் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டில், உடம்பை விட்டு விலகிய உயிரைத் திரும்பக் கூப்பிடுகிற உயிரழைப்புச் சடங்கு வைத்தார்கள். பெற்றவள் இல்லாமல் அது நடக்காது. ஒருநாள் ஆய்வகத்தை மாற்றித் தரும்படி காயிங் போய்க் கேட்டாள்.

"விதின்னா விதிதான்" என்றார் லார்சன். "முதல் நாளே சொன்னேன். பெத்தவங்க, புருஷன், பிள்ளை, மாமனார், மாமியார். இவங்கள்ல யாராவது செத்தாத்தான் தேதி மாறும். சடங்குக்கெல்லாம் மாத்த ஆரம்பிச்சா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் ஆய்வகத்துக்கே போனாள். சடங்கை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். பையன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

மே மாதம் பெரிய மாமா செத்துப்போனார். மாமனாரின் அண்ணன். மொவா குலத்துக்கே மூத்தவர்.

காயிங்கின் ஜனங்களான ஹ்மோங்காரர்களின் சாவு என்றால் ஒரு மணி நேரம் பிரார்த்தனை செய்துவிட்டுக் காபி குடித்துக் கலைகிற சாவு இல்லை. வெள்ளி காலை முரசு கட்டினால் திங்கள் மண் போடுகிறவரை இரவும் பகலும் ஓயாது. மூங்கில் குழல் ஊதி, இறந்தவரின் உயிருக்கு அவர் பிறந்த மலைவரை வழி சொல்ல வேண்டும். மாடு அறுத்து, வருகிற நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போட வேண்டும். அந்தச் சோற்றை வடிப்பது மருமகள்கள். ஊரில் அதற்கென்று இருக்கிற மண்டபங்களோ சில. ஆளாளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் இரண்டு தேதி கொடுத்தார்கள். ஒன்று வருகிற வாரம், மற்றது ஜூன் கடைசி. வருகிற வாரத்தில் வைத்தால், மண் போடுகிற திங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் காயிங்கின் கடைசி ஆய்வகத் தேர்வு. அதை எழுதாவிட்டால் பாடமே தேறாது.

"நான் பேசறேன்" என்றான் தெங். "ஜூன்ல வெச்சுக்கலாம்னு அப்பாகிட்ட நான் சொல்றேன். நீ கவலைப்படாதே, டாக்டரம்மா."

"டாக்டர் இல்ல, மருந்தாளர். முதல்ல வாயைத் திறந்து பேசு, அப்புறம் கிண்டல் பண்ணு."

பெரியவர்கள் கூடினார்கள். காயிங் கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டே நடந்தாள். தெங் மூலையில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான். வருகிற வாரமே வைத்துக்கொள்ளலாம், அண்ணனை ஒரு மாதம் ஐஸ் பெட்டியில் போட எனக்கு மனசு வரவில்லை என்று மாமா, தெங்கின் அப்பா, கண்ணைத் துடைத்தார். தெங் கோழிக்காலைக் கீழே வைத்தான், தொண்டையைச் செருமினான், மறுபடி கோழிக்காலை எடுத்துக்கொண்டான். தேதி முடிவாகிவிட்டது. சுத்த மண்ணாந்தை! காயிங்குக்கு அந்தக் கரண்டியாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் லார்சனின் அறை வாசலில் நின்றாள். புருஷனின் பெரியப்பா என்று சொல்லத்தான் போயிருந்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த பார்வையில் மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. பெரியப்பா அவர் அன்று சொன்ன வரிசையில் இல்லை.

"சார், எங்க மாமனார் இறந்துட்டார்."

அடிப்பாவி! எதில் விளையாடுவது என்று கிடையாதா? உயிரோடு இருக்கிறவரை, அதுவும் வீட்டில் ஒரு பிணம் விழுந்து மண் போடாத நேரத்தில், செத்ததாகச் சொன்னால் அது வெறும் பொய்யோடு போகுமா? காயிங்குக்கும் அது தெரியும். சொன்ன கணமே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அழுகை பொய்யில்லை.

லார்சனின் முகம் மாறியது. எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. தேர்வைப் புதன்கிழமை எழுதிக்கோ. எந்த மண்டபம்?"

மண்டபத்தின் பெயரை எதற்குக் கேட்கிறார் என்று அவள் யோசிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காயிங் சமையல்கட்டிலிருந்து சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள். மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை. உடம்பெல்லாம் மாட்டுக்கறி வாடை. மண்டப வாசலில் கறுப்புக் கோட்டும் கையில் வெள்ளைப் பூவுமாக லார்சன் நின்றார்.

ஒரே எட்டில் போய் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அதற்குள் மாமா அவரைப் பார்த்துவிட்டார். துக்கத்துக்கு வந்தவர் யாரானாலும் சாவு வீட்டு ஆண்கள் மண்டியிட்டுத்தான் நன்றி சொல்ல வேண்டும். எழுபது வயது மனிதர் முழங்கால் மடக்கித் தரையில் குனிந்தார். லார்சன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"ஐயையோ, எழுந்திருங்க. நான் காயிங்கோட வாத்தியார். அவ தன் மாமனாரைப் பத்திச் சொல்லி அப்படி அழுதா, எனக்கே தாங்கல. போன வருஷம் எங்க அப்பா போனப்ப காலேஜ்லேர்ந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. அதான் வந்தேன். நீங்க அவரோட தம்பியா?"

மாமாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளைக்காரர் என்னம்மா சொல்றார்?"

"பெரிய மாமா போனதுக்கு வருத்தப்படறார், மாமா."

"அண்ணனை இவருக்குத் தெரியுமா?" மாமாவின் முகம் மலர்ந்தது. "எப்படிப் பழக்கம்னு கேளும்மா. உக்காரச் சொல்லு. சோறு போடு."

"வந்ததுக்கு நன்றி சொல்றார், சார்" என்றாள் காயிங் லார்சனிடம். "நீங்க கெளம்பணும்னா கெளம்புங்க சார், பரவாயில்ல."

"அண்ணி."

பின்னால் நாத்தனார் ஷோவா நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு மொழியிலும் நாக்கு கூர்.

"அவர் அதைச் சொல்லலையே அண்ணி."

"ஷோவா, வேணாம். அப்புறம் பேசலாம்."

"என்ன அப்புறம்? அப்பா, நீங்க செத்துட்டதா அண்ணி வாத்தியார்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்த ஆளு கொண்டாந்திருக்கறது உங்களுக்கான பூ."

முரசு நிற்கவில்லை. பாட்டு முடியாமல் அதை நிறுத்தக் கூடாது. குழல்காரர் பிணத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஊதிக்கொண்டேயிருந்தார்.

"இவங்க என்ன சொல்றாங்க?" என்றார் லார்சன். "யார் இவர்?"

"இவர்தான் சார் அவங்க மாமனார்" என்றாள் ஷோவா. "நல்லா இருக்கார். காலையில ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்."

லார்சன் கையிலிருந்த பூவைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கையில் பிடித்தபடியே வெளியே நடந்தார். காயிங் பின்னாலேயே ஓடினாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் நின்றார். "நீ உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே சார். மார்ச்சுல. பிள்ளைக்காக."

"அது வேற."

"என்ன சார் வேற? செத்தவர் எங்களுக்கு மாமனாருக்கும் மேல. உங்க வரிசையில அவர் இல்லேன்னா அது என் தப்பா?"

அவருக்குக் கோபம் ஏறியது. ஏமாந்த மனிதனின் கோபம், அதில் நியாயமும் இருந்தது. "நாளைக்கு ஒன்பது மணிக்குத் தேர்வு. எல்லாரோடயும் வந்து எழுது. எழுதினா இதை நான் மேல கொண்டுபோக மாட்டேன். வரலேன்னா பூஜ்யம். இதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் திரும்பி வந்தபோது மாமா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமில்லை. இரண்டு கையையும் தொடை நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

சடங்கு நடத்துகிற பெரியவர் பேசினார். "பாதி வழிக்கு அண்ணன் உயிரை அனுப்பியாச்சு. இந்த நேரத்துல இவரையும் செத்தவர்னு சொல்லி, அதுக்குப் பூவும் வந்து, இவர் அதுக்கு முன்னாடி குனிஞ்சும் ஆச்சு. அண்ணன் பின்னாடி தம்பி உயிரும் நடக்கும். நாளைக்கு மண்ணு போட்டதும் குழிமேட்டுலேர்ந்து இவரை வீட்டுக்குக் கூப்பிடணும். யார் கூப்பிட்டாலும் வராது. சொன்ன வாயே கூப்பிடணும்."

மண் போடுவது பத்தரைக்கு. தேர்வு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இடுகாடு ஊருக்கு அந்தக் கோடி.

"காலையில நீ எங்கயும் போகல" என்றான் தெங்.

"இப்ப நல்லா வாய் வருது உனக்கு! கோழிக்கால் கடிச்ச அன்னிக்கு இது எங்க போச்சு? ஆறு வருஷம் தெங். ஆறு வருஷம் நான் தூங்கல."

"அதுக்கு எங்க அப்பனைக் கொல்லுவியா?"

மாமா கையைத் தூக்கினார். "விடுடா. அவ போகட்டும். பரீட்சை முக்கியம். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்துக்கறேன்." சொல்லும்போதே பல் கிட்டியது. ராத்திரி அவர் சோறு தொடவில்லை. தண்ணீர் கொடுத்தால் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கள் விடிந்ததும் காயிங் மண்டபத்திலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். போவதென்றே முடிவு. போகாமல் இருந்தால் ஆறு வருடப் பாடு என்ன ஆவது? அந்தக் கிழவரின் பயத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் வாழ்க்கையைக் குழியில் போட முடியுமா? ஒருவேளை ஓர் உயிரும் எங்கும் போகாது. ஒருவேளை எல்லாம் மனப்பிரமை. படித்த மூளை அதைத்தான் சொன்னது.

கார் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு, மேலே துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி. எப்போது வெளியே வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"கெளம்பிட்டியாம்மா? நல்லா எழுது." கொஞ்சம் தயங்கினார். "பத்தரைக்குள்ள வந்துடுவேல்ல?"

வந்துடுவேன் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டியை எடுத்துவிடலாம். அவர் இடுகாட்டில் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காயிங் வாயைத் திறந்தாள். இந்த மனிதரிடம் இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"காத்து அடிக்குது மாமா. உள்ள போய் ஷூ போட்டுட்டு வாங்க. சேர்ந்தே போகலாம்."

இடுகாட்டில் வெயில் கொளுத்தியது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எல்லாரும் விலகி வழிவிட, காயிங் குழிமேட்டில் நின்றாள். அந்த நேரம் ஆய்வகத்தில் அவளுடைய இடத்தில் குடுவை காலியாக இருக்கும். லார்சன் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"மாமா, அங்க போகாதீங்க. அது உங்க வழி இல்ல. நான் சொன்னது பொய். வாங்க, வீட்டுக்குப் போகலாம். பேரன் காத்துக்கிட்டிருக்கான். சோறு இருக்கு. வாங்க மாமா."

மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அழுதுகொண்டே கூப்பிட்டாள். யாருக்காக அழுகிறாள் என்று கூட்டத்தில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. என்ன இருந்தாலும் மாமனார்மேல் உயிர் என்று இரண்டு கிழவிகள் மெச்சிக்கொண்டார்கள்.

திரும்பி வருகையில் மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து வழியில் தெரிந்த பாதாம் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாமில்லம்மா? பரீட்சை எங்க ஓடிடப்போகுது?"

"எழுதிக்கலாம் மாமா" என்றாள் காயிங். காலையில் எழாத நாக்கு இப்போது சுலபமாக எழுந்தது.

பின் சீட்டில் தெங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டேவிஸ் இடம் போனது போனதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் உயிர் தங்குவதற்கு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்ட வேண்டும். மாமா கையை நீட்டினார். "நீயே கட்டும்மா. இறுக்கிக் கட்டு, அவுந்துடப் போகுது."

இறுக்கிக் கட்டினாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பசிக்கிறது என்று சோறு கேட்டார். காயிங் எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.