பத்தொன்பது அரளி

“எனக்குப் பங்கு வேணும். ரோட்டோரத்துத் துண்டு. என் பேருக்கு.”

அம்மா கையிலிருந்த காபிக் கிண்ணத்தை ஓசைப்பட வைத்தாள். ராஷ்கோ அண்ணன் சிரித்தான். மலையிலிருந்து வந்திருந்த நோவிட்சா பெரியப்பா, கம்பு சீவுவதை நிறுத்தி, கத்தியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மாண்டினீக்ரோவில் ஒரு பெண் இதை மட்டும் கேட்கக் கூடாது. சட்டம் தாய்க்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. தகப்பன் செத்தால் மகள் நோட்டரியிடம் போய், எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவள் அண்ணன் குடியைக் கெடுத்தவள். அப்பா ஜனவரியில் போனார். என் கையெழுத்து நாளை பத்து மணிக்கு. அதற்குச் சாட்சியாகத்தான் பெரியப்பா வந்திருந்தார். அதற்குத்தான் ஆட்டுக்கறியும் நெருப்பில் சுட உப்புத் தடவிக் காத்திருந்தது.

நானும் போட்டிருப்பேன். ஆனால் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ரோட்டோர வேலியில் ஏழு அரளி முட்டி உயரத்துக்கு வெட்டிக் கிடந்தது.

அந்தத் துண்டில் அப்பா வைத்த ஆரஞ்சு செத்தது, அம்மா வைத்த ரோஜா செத்தது. வெறும் கல்லும் உப்புக்காற்றும். கல்லூரி முதல் வருட விடுமுறையில், ஒரு ஜூலையில், ரயில் நிலையத்து அரளியிலிருந்து ஒரு சாண் கொப்புகளை ஒடித்து வந்து பீர் பாட்டில் தண்ணீரில் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் வெள்ளை வேர் விட்டது. காலிப் பாலாடைக்கட்டித் தகர டப்பாக்களில் வளர்த்து, மழை தொடங்கியதும் தரையில் வைத்தேன். இரண்டு கோடை வாளியில் தண்ணீர் சுமந்தேன். பிறகு ஒன்றுமில்லை. உரம் கிடையாது, மருந்து கிடையாது. மார்ச்சில் கையுறை போட்டு ஒரு கவாத்து, அவ்வளவுதான். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை பூ. பத்தொன்பது செடி.

“அங்க சிமெண்டு போடப் போறேன் தெசா,” என்றான் அண்ணன். “கோடைக்கு நம்ம வீட்ல வாடகைக்குத் தங்க வர்றவன் காரை எங்க நிறுத்துவான்? உன் பூ மேலயா?”

“என்னைக் கேட்டியா?”

“செடியக் கேட்டுட்டுத்தான் வெட்டணுமா? ஊர்ல முதல் பட்டதாரி. படிச்சது பூச்செடி!”

“பதினோரு வருஷம் கப்பல்ல இருந்த. அந்த வேலிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பியா?”

“அதான் மகளே,” என்றார் பெரியப்பா, பெரிய ஞானம் சொல்பவர் மாதிரி. “அந்தச் செடியப் பாரு. தண்ணி கேக்குதா? எரு கேக்குதா? ஒண்ணும் கேக்காம எப்படிப் பூக்குது! பொண்ணுன்னா அப்படி இருக்கணும்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது.

“நான் கேட்டனாடி?” என்றாள் அம்மா. “ஒரு தலகாணி உறைகூடக் கேக்காம எங்கண்ணனுக்கு எழுதிக் குடுத்தேன்.”

“சரி. அப்பா சாவுக்கு உங்கண்ணன் வந்தாரா?”

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சீவிய கம்பில் கறித்துண்டைக் குத்தினார். அப்போதுதான் அந்தக் கம்பைப் பார்த்தேன். விரல் தடிமன், வளைவே இல்லை, பால் கசிந்துகொண்டிருந்தது.

“பெரியப்பா, அதைக் கீழ போடுங்க!”

“என்னம்மா? வேலியில வெட்டிக் கிடந்ததுதான். நல்லா நேரா இருக்கு, நம்ம மலைப் பக்கத்து ஹேசல் கம்பு மாதிரி…”

“அது அரளி! உங்க மலையில இல்லாதது. பால், இலை, புகை, எல்லாம் விஷம். மூணு பேரும் நாளைக்கு நோட்டரிகிட்ட இல்ல, ஆஸ்பத்திரியில இருப்பீங்க. எந்திரிச்சுக் கையக் கழுவுங்க. சோப்புப் போட்டு!”

கறித்தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். பெரியப்பா குழாயடிக்கு ஓடினார். எழுபது வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“சரி, காப்பாத்திட்ட. அதுக்காக நிலமா?”

“துண்டுதான கேட்டேன்? இனி இல்ல. சட்டம் என்ன குடுக்குதோ அது முழுசும் வேணும். வீட்டுலயும்.”

கொட்டிலில் இருந்து கையுறையையும் இரண்டு வாளியையும் எடுத்தேன். வெட்டிக் கிடந்த கொப்புகளை ஒரு சாண் ஒரு சாணாக நறுக்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். ஜூலைதானே. வேர் விடும். வேலியில் நிற்கும் ஏழு கட்டையும் அடியிலிருந்து துளிர்க்கும். அரளி அவ்வளவு சுலபத்தில் சாகாது. இங்கே விட்டால் கொப்புகளை அண்ணன் வீசிவிடுவான் என்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கதவை நோக்கி நடந்தேன்.

“இப்படிப் போனா, திரும்பி வர உனக்கு வீடு இருக்காதுடி!” என்று அம்மா படியில் நின்று அழுதாள்.

“இருக்கும்மா. மூணுல ஒரு பங்கு இருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருங்க. நானும் வருவேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

இரண்டு கையிலும் வாளி. வெளிக்கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு சாலையில் இறங்கினேன்.