‘தணிகாசலம்’ என்னும் இசை மாத இதழ்

எங்கள் ஊரில் பத்திரிகையின் தலைப்பைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வரைவார்கள். யாராவது பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும் குரல் எப்படியோ அப்படியே எழுத்து தாளில் விழும்.

எங்கள் குடும்பம் தொடங்கும் எதற்கும் மூத்தவர் பெயர்தான். அரிசி ஆலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் என் பெயர். ஆகவே புதிய இசை மாத இதழும் ‘தணிகாசலம்’ என்று முடிவு செய்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

தலைப்பு வரையும் மரியநேசன் வந்தார். பெயரை முதலில் நானே சொன்னேன். எழுத்துகள் விறைத்து நின்று சல்யூட் அடித்தன. என் தம்பி சொன்னான். எழுத்துகள் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டன. ஆலை மேஸ்திரி சொன்னார். எழுத்துகள் தாளை விட்டே ஓடிவிட்டன.

“இது பாட்டுப் பத்திரிகைங்க,” என்றார் மரியநேசன். “உங்க பேர ஆசையா சொல்ற ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?”

“எங்க வீட்ல மரியாதையாத்தான் சொல்வாங்க.”

“அதான் தெரியுதே. வீட்டம்மா?”

“புருஷன் பேரச் சொல்ற வழக்கம் இல்ல.”

“அப்ப அந்தக் குரல்ல பேரு புதுசா இருக்கும். வாங்க.”

என் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள். கல்யாணமான அன்று மாலை ஜலதரங்கக் கிண்ணங்களுக்குச் சுருதி சேர்க்கப் போனவள். கடைசிக் கிண்ணம் சேர்வதற்குள் முதல் கிண்ணத்தில் நீர் வற்றிவிடுகிறது. அவள் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு கிண்ணமும் எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். ஆனால் அந்த அறைக்குப் போகும் நடைவழி ஆண்டுதோறும் நீண்டுகொண்டே வந்தது. இப்போது அதில் பேருந்து விட்டிருக்கிறார்கள்.

“எங்க போகணும் பெரியவரே?” என்றார் கண்டக்டர்.

“பக்கத்து ரூமுக்கு.”

“கடைசி ஸ்டாப்பு. எறங்கி நடக்கணும். இத்தன நாளா ஏன் போகல?”

“அவ கூப்பிடல.”

“என்னன்னு கூப்பிடுவாங்க?” என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்தார்.

அறைக் கதவு மூடியிருந்தது. மரியநேசன் தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, கண்ணை மூடினார்.

“அம்மா, ஐயா பேர ஒரு தடவ சொல்லுங்க.”

“யாருக்கு வேணுமாம்?” என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

“பத்திரிகைக்கு,” என்றேன்.

கதவு சற்றுத் தள்ளிப் போயிற்று. மரியநேசன் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார்.

“யாருக்கு வேணுமாம்?”

“குடும்பத்துக்கு.”

கதவு இன்னும் தள்ளிப் போயிற்று.

“அந்த மொறப்ப பஸ்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல,” என்றார் மரியநேசன், கண்ணைத் திறக்காமல்.

இரு பக்கமும் பார்த்தேன். சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.

“எனக்கு,” என்றேன். “எனக்குத்தான் வேணும், பங்கஜவல்லி.”

அவள் பெயரை நான் சொன்னது அதுவே முதல் தடவை. மரியநேசனின் தூரிகை ஓடியது. தாளில் அவள் பெயர் வந்திருந்தது. எழுத்துகள் எல்லாம் கதவை நோக்கிச் சாய்ந்திருந்தன.

எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கக் கூடாது. கிழிக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அச்சுக்கு அனுப்புங்க,” என்றேன்.

அவர் அடுத்த பேருந்தில் போய்விட்டார்.

உள்ளே கிண்ணங்களின் ஓசை நின்றது. அவள் கதவருகே வந்தாள். பெயரைச் சொல்லப்போகிறவளைப் போல மூச்சை இழுத்தாள். நான் கதவில் காதை வைத்தேன்.

‘பங்கஜவல்லி’யின் மூன்றாம் இதழ் வந்துவிட்டதாகக் கண்டக்டர் சொல்லிப் போகிறார். நன்றாக விற்கிறதாம். பேச வேண்டாம் என்று அவருக்குக் கையைக் காட்டுகிறேன். அவள் இன்னும் மூச்சை விடவில்லை.