சர்தார் செய்த டேங்க்

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது குல்சுமின் வெல்டிங் பட்டறை. ஒரு புதன்கிழமை காலை ஹரி என்பவன் அங்கே கோணிப்பையில் ஒரு டேங்க்கைக் கொண்டுவந்தான். அடையாற்றில் ஆகாயத்தாமரை அள்ளும் சின்ன மோட்டார் படகின் ஆயில் டேங்க் அது. அடியில் எங்கோ விட்டுப்போய், இஞ்சினுக்குப் போகவேண்டிய ஆயில் படகுக்குள்ளேயே தேங்குகிறது என்றான். மறுநாள் காலை அதிகாரிகள் அந்தப் படகில் ஏறி வேலையைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் சரிசெய்து தர வேண்டும் என்று கேட்டான்.

குல்சும் கோணியை விலக்கிப் பார்த்தாள். அலுமினியத் தகட்டை மடித்து, ஓரங்களில் மீன் செதில் மாதிரி நெருக்கமாக ஓட்டிய வெல்டிங். அது அவள் கணவன் சர்தாரின் வேலை. இதே பட்டறையில் அவன் அதைச் செய்தபோது தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"போட்டு யாருதுப்பா?"

"காண்ட்ராக்டர் ராஜரத்தினம் சாருதுக்கா. கோட்டூர்புரத்துல ஓடுது."

சாயங்காலம் வரச் சொல்லி அவனை அனுப்பினாள். ஹரி ராமநாதபுரம் பக்கத்துக்காரன், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தனக்கு முன்னால் அந்தப் படகை ஓட்டியவன் என்ன ஆனான் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஓட்டியவன் சர்தார். பட்டறையில் வேலை குறைந்த காலத்தில் ராஜரத்தினத்திடம் போனான். போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில், வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் படகு விசிறியைத் தாமரைக் கொடி சுற்றிக்கொண்டது. அதை அறுக்கத் தண்ணீரில் இறங்கிய சர்தார் மேலே வரவில்லை. அவன் இடுப்பில் கயிறு இல்லை, மிதவைச் சட்டை இல்லை. மறுநாள் உடல் கிடைத்தது.

ராஜரத்தினம் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னார். சர்தார் குடித்திருந்தான், நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் அவனாகக் குதித்தான். படகில் இருந்த கூலியாட்களும் அதையே சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் குடித்ததற்கான தடயமே இல்லை என்று வந்தது. ஆனால் அது வருவதற்குள் தெரு பேசி முடித்துவிட்டது. வாழ்நாளில் சாராய வாடை தெரியாத மனிதனை, குடிகாரன் என்று சொல்லித்தான் அடக்கம் செய்தார்கள். சர்தாரின் அம்மா அமீனா பீ அன்றிலிருந்து வாசல் பக்கம் வருவதில்லை.

குல்சும் டேங்க்கைச் சோப்புத்தூள் கரைத்த சுடுதண்ணீரில் கழுவினாள். வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள். சர்தார் வெல்டிங் ஓட்டிய ஓரத்திலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. படகில் இறுக்குவதற்காகப் பிறகு யாரோ போட்ட திருகாணித் துளையைச் சுற்றித்தான் தகடு வெடித்திருந்தது.

சர்தாரின் தம்பி ஜீஷான் ஆர்கான் வெல்டிங் மெஷினைப் போட எழுந்தான். அவள் வேண்டாம் என்றாள். எபாக்சி பசையைக் குழைத்து வெடிப்பின் மேல் வழித்துப் பூசி, தேய்த்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தாள். பார்த்தால் வெல்டிங் வைத்தது போலவே இருந்தது.

"பாபி, இஞ்சின் ஆட்டத்துல இது விட்டுக்கும். நடு ஆத்துல ஆயில் இல்லாம பிஸ்டன் பிடிச்சுக்கும்," என்று அண்ணியிடம் சொன்னான் ஜீஷான்.

"பிடிக்கட்டும். ஆபீசருங்களை வச்சுக்கினு நிக்கட்டும் அந்தாளு."

அன்று முழுவதும் அவள் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இஞ்சின் முக்கி நிற்கிறது. நாற்றத் தண்ணீர் நடுவில் ராஜரத்தினம் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து கையைப் பிசைகிறார். இரண்டு வருடமாகச் சோறு இறங்காத தொண்டையில் அன்று மத்தியானம் சோறு இறங்கியது.

சாயங்காலம் ஹரி வந்தான். டேங்க்கைக் கோணியில் போட்டுத் தோளில் தூக்கினான். அவன் கால்கள் முழங்கால் வரை கீறிக் கிடந்தன. என்ன என்று கேட்டாள்.

"தாமரை வேருக்கா. போட்டு நின்னா என்னைத்தான எறக்கி விடுவாரு. எனக்கு நீச்சல் தெரியும், அதனால பரவால்ல."

சர்தாருக்கும் நீச்சல் தெரியும். நாளைக்கு இஞ்சின் நின்றால் ராஜரத்தினம் இடத்தை விட்டு அசைய மாட்டார். தண்ணீரில் இறங்கித் தள்ளப்போவது இவன். அவள் எழுந்து அவன் தோளிலிருந்து கோணியை இறக்கிக்கொண்டாள். பெயிண்ட் காயவில்லை, காலையில் தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னாள்.

அவன் போன பிறகு பசையைச் சுரண்டி எடுத்தாள். வெடிப்பு மேலும் நீளாதபடி அதன் இரண்டு முனையிலும் துளை போட்டு, மேலே புதுத் தகடு வைத்து, தானே வெல்டிங் ஓட்டினாள். மறுபடியும் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். ஒழுக்கு நின்றிருந்தது. அப்போ அந்தாளைச் சும்மா விடப்போறியா என்று ஜீஷான் கேட்டான். அவள் டேங்க்கைத் துடைத்து மறுபடியும் கோணியில் சுற்றினாள்.

மறுநாள் காலை கோட்டூர்புரம் பாலத்தருகே இருவரும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். கரையில் நான்கைந்து அதிகாரிகள் நின்றார்கள். வர்ஷினி என்ற இளம் பொறியாளர்தான் அவர்களுக்குத் தலைமை. ராஜரத்தினம் அவர்களுக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். குல்சுமைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே சிரித்துக்கொண்டு, சீக்கிரம் மாட்டும்மா என்றார்.

குல்சும் படகின் விளிம்பில் உட்கார்ந்து டேங்க்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒழுக்கு அடைச்சாச்சு. என் வூட்டுக்காரர் எப்படித் தண்ணில எறங்கினாருன்னு இவங்ககிட்ட சொல்லு. அப்புறம் மாட்றேன்."

அவர் குனிந்து, வீட்டுக்கு வந்து பேசுகிறேன், உனக்கு என்ன வேண்டுமோ செய்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் அசையவில்லை. பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு என்றாள். டேங்க்கைப் பிடுங்கச் சொல்லி ஹரியை ஏவினார். ஹரி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருக்கா உங்க வீட்டுக்காரரு?"

"உனக்கு முன்னாடி இந்தப் போட்டை ஓட்னவரு. இங்கதான் செத்தாரு. கொடி அறுக்க எறங்கி."

ஹரி இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வர்ஷினி அருகே வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். ராஜரத்தினம் முந்திக்கொண்டார். பாவம் மேடம், புருஷன் குடிச்சிட்டு ஆத்துல விழுந்துட்டான், அதுலேர்ந்து இந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்றார்.

ஜீஷான் அவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தான். குல்சும் கையை நீட்டித் தடுத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"வெள்ளத்துல அவரா எறங்கினாருன்ற. இதோ இவனும் அவனாதான் எறங்கறானா? நேத்து இவன் காலைப் பாத்தேன்."

வர்ஷினி ஹரியைப் பார்த்தார். அவன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினான். படகில் மிதவைச் சட்டை எங்கே என்று அவர் கேட்டார். இல்லை மேடம் என்றான். எப்போதாவது இருந்ததா என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை என்றான்.

வர்ஷினி திரும்பினார். "அன்னைக்கு அவரை எறங்கச் சொன்னது யாரு சார்?"

ராஜரத்தினம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை, ஆளாளுக்குத் தன்னை நெருக்கினார்கள் என்று ஆரம்பித்து, "எறங்குப்பான்னு சொன்னேன் மேடம். வேற வழி இல்ல. இப்படி ஆகும்னு நான் கண்டேனா?" என்றார்.

அதைச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

குல்சும் டேங்க்கை அதன் இடத்தில் வைத்து இறுக்கி, குழாயைச் செருகி, ஆயில் ஊற்றினாள். இஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. ஒரு சொட்டு கசியவில்லை. ஆனால் அன்று அந்தப் படகில் யாரும் ஏறவில்லை. வர்ஷினி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"இப்போ திருப்தியா?" என்று ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இல்லை," என்றாள் அவள். உண்மையைத்தான் சொன்னாள்.

அந்த மாதமே ராஜரத்தினத்தின் காண்ட்ராக்ட் போனது. ஹரி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டான். கரையில் கேட்டதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாக வர்ஷினியும் சொன்னார். கவனக்குறைவால் ஒருவன் சாவுக்குக் காரணமானவர் என்று ராஜரத்தினத்தின் மேல் வழக்கு பதிவானது. அமீனா பீ அதைக் கேட்டு வெகுநேரம் அழுதாள்.

வழக்கு சைதாப்பேட்டை கோர்ட்டில் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் குல்சும் பட்டறையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாகப் போய் வராந்தாவில் நிற்பாள். ராஜரத்தினம் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே போவார். தேதி தள்ளிப்போகும் போதெல்லாம் அவளுடைய வக்கீல் சலித்துக்கொள்வார், மன்னிப்பும் கேட்பார்.

"பரவால்ல சார்," என்பாள் குல்சும். "இன்னொரு தடவை வந்து நிக்கட்டும் அந்தாளு."