கன்னியம்மாவின் புதுப் பற்கள்

கன்னியம்மாவின் வாயில் புதுப் பற்கள் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணி வாக்கில். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெபின் நடத்தும் அச்சுக் கடையின் மாடியில், ஜன்னலோரக் கணினித் திரையில் அவை முளைத்தன. பால் வெள்ளையில், வரிசை பிசகாமல், பற்பசை விளம்பரத்தில் வருகிற மாதிரிப் பற்கள். முளைக்க வைத்தவள் அவளுடைய ஒரே மகள் சிவந்தி. அந்த நேரத்தில் கன்னியம்மா எண்ணூர் ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். தனக்குப் பல் முளைத்தது அவளுக்குத் தெரியாது.

சேறு தடவுவது என்பது வலையும் தூண்டிலும் இல்லாமல் இறால் பிடிப்பது. இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். விரலில் இறால் துள்ளினால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்க விட்டுக்கொள்வார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் பறி போய்விடும். நாற்பது பெண்கள் ஆற்றில் இறங்கியிருந்தாலும் கரையில் நிற்பவனுக்குக் காக்கைச் சத்தம்தான் கேட்கும்.

அவர்கள் தடவுகிற சேற்றுத் திட்டை மண் கொட்டி மேடாக்கி, சரக்கு இறக்கும் முற்றம் ஒன்று கட்டப் போகிறது ஒரு கம்பெனி. அதற்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தில் கொடுக்க ஒரு புத்தகம் தயாரானது. கம்பெனியின் ஆலோசகர் சித்தார்த் அதற்காகப் பன்னிரண்டு படங்களை ஜெபின் கடைக்கு அனுப்பியிருந்தார். ஏழாவது படத்தைத் திறந்த சிவந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கறுத்த தண்ணீர், பின்னால் மூன்று புகைபோக்கிகள், நடுவில் பறியைக் கடித்தபடி அம்மா.

படத்தோடு வாட்ஸ்அப்பில் குறிப்பும் வந்திருந்தது. புகைபோக்கிகளை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நீலமாக வேண்டும். அந்த அம்மாவின் வாயில் இருக்கும் கூடையை நீக்கிவிட்டுச் சிரிக்க வைக்க வேண்டும். கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

இந்த மாதிரி வேலையில் சிவந்தி கெட்டிக்காரி. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தானே வரைந்து தரும் ஏஐ வந்த நாளிலிருந்து கடையில் அதைக் கையாள்பவள் அவள்தான். மஞ்சள் நீராட்டுப் பெண்ணை அன்னப் பறவைமேல் ஏற்றியிருக்கிறாள். கட்சிக்காரர்களைப் புலியோடு நடக்க விட்டிருக்கிறாள். மேகத்துக்குள் ஒரு ரயில் நிலையம் வேண்டும் என்று எழுதி, அது திரையில் மெல்லத் தெளிந்து வருவதைத் தனக்காகவே பார்த்துக்கொண்டிருந்த மதியங்களும் உண்டு. கன்னியம்மாவுக்கு அதில் பெருமை. காசிமேட்டில் இறால் விற்கப் போகும் இடமெல்லாம், "எம்பொண்ணு இல்லாததக்கூட வரைஞ்சி காட்டும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

புகைபோக்கிகள் ஒரே சொடுக்கில் போயின. தண்ணீர் நீலமானது. பறிக்கு வந்தபோதுதான் சிவந்திக்குக் கை ஓடவில்லை. அதை எடுக்காமல், கொஞ்சம் அழகாக்கிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா என்று பார்த்தாள். ஏஐ கூடையைத் தலையில் தூக்கி வைத்தது. மறுபடி எழுதினாள். இடுப்பில் வைத்தது. பல்லால் கடித்திருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினாள். கூடையை முகத்தில் கவிழ்த்து மூடியது. உலகத்துப் படங்களையெல்லாம் விழுங்கியிருந்த அதன் வயிற்றில் பறி கடித்த ஒரு பெண்கூட இல்லை.

பேனர் எந்திரம் ஓட்டும் பிராங்கிளின் டீயோடு வந்து எட்டிப் பார்த்தான். ராயபுரத்துக்காரன். வாய் சும்மா இருக்காது.

"இன்னா சிவந்தி, கொரோனா திரும்ப வந்துகினு கீதா? ஓலையில மாஸ்க்கு போட்டு வுட்டுகீற."

சிவந்தியும் சிரித்துவிட்டாள். அது யார் என்று சொல்லவில்லை. அப்படிச் சிரித்ததை நினைத்துப் பிறகு அவள் தன்னையே பிராண்டிக்கொண்டாள். ஆனால் அது பிறகு. அப்போது அவள் வாய்ப் பகுதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கூடை வேண்டாம், சிரிப்பு வேண்டும் என்று எழுதித் தட்டினாள்.

பத்து விநாடியில் அம்மா சிரித்தாள்.

கன்னியம்மாவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் பறியின் விளிம்பு அறுத்து அறுத்துப் பாதியாகத் தேய்ந்தவை. அவள் சிரித்தால் முந்தானை வாய்க்குப் போகும். பல் தெரிய அம்மா சிரித்துச் சிவந்தி பார்த்ததே இல்லை. திரையில் பார்த்தபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் காது மடல் சுட்டது. யாரோ அம்மாவின் தாடையைப் பிடித்து வலுவில் திறந்தது போலவும், பிடித்த கை தன்னுடையது போலவும் இருந்தது.

மதியம் பக்கங்களை அடுக்கும்போது ஏழாவது படத்துக்குக் கீழே வர வேண்டிய வரிகள் வந்தன. "இச்சேற்றுத் திட்டில் மீன்பிடித் தொழில் ஏதும் நடைபெறுவதில்லை. உள்ளூர்ப் பெண்கள் குளிப்பதற்கும் பொழுதுபோக்குக்கும் வந்து செல்கின்றனர்."

அவள் இரண்டு முறை படித்தாள். கூடை அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக எடுக்கச் சொல்லவில்லை. கூடை இருந்தால் அது தொழில். இல்லாவிட்டால் குளியல். தொழில் நடக்கும் இடத்தை மூடினால் கேள்வி கேட்பார்கள். குளிக்கும் இடத்தை மூடினால் யார் கேட்பார்கள்? அம்மா சேறு தடவிய முப்பது வருடத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டு அழித்திருந்தாள், சம்பளத்துக்கு.

கீழே இறங்கிப் போய் ஜெபினிடம் சொன்னாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். கெட்டவர் இல்லை. டிப்ளமோவைப் பாதியில் விட்டவளை நம்பி வேலை கொடுத்தவர். படத்தில் இருப்பது தன் அம்மா என்றும், இந்தப் புத்தகம் போனால் அம்மாவும் மற்றவர்களும் ஆற்றில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள் என்றும் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மைக்க மூஞ்சிதானம்மா உனக்குப் பிரச்சன? வேற மூஞ்சி வச்சிரு. ரெண்டு நிமிச வேல."

"மூஞ்சி இல்ல சார். கூட."

"கூடைய அவங்க கேக்கல்லியே மக்கா."

சிவந்தி மாடிக்குத் திரும்பினாள். ஏஐயிடம் கேட்டால் நொடியில் ஒரு முகம் தரும். உலகத்தில் எங்கும் பிறக்காத ஒருத்தி அம்மாவின் உடம்போடு ஆற்றில் நின்று சிரிப்பாள். அதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. புதிய பற்களோடு அம்மா அச்சுக்குப் போனாள். ஐந்நூறு பிரதி.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்த இரவெல்லாம் கன்னியம்மாவே வேறு பேச்சை ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள் சார்பில் பேச அவளைத்தான் பிடித்துப் போட்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று மகளைக் கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள்: "நாங்க இங்க கீறோம்னு சொல்லணும். வேற இன்னா கீது?" அப்புறம் மகளைப் பார்த்து, "ஏன்டி மூஞ்சி தொங்கிகினு கீது?" என்றாள். தலைவலி என்று சிவந்தி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூட்டம் எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். திரையும் புரொஜெக்டரும் ஜெபின் கடையுடையவை. அவற்றை மாட்டி மடிக்கணினியை இயக்க அவர் பிராங்கிளினையும் சிவந்தியையும் அனுப்பியிருந்தார். மேடையில் மாவட்ட அதிகாரியும், நடப்பதை எழுதிக்கொள்ள ஒரு எழுத்தரும். முன்வரிசையில் கம்பெனி ஆட்கள். பின்னால் பெண்கள், வேலை நாளைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். சிலர் கையில் பறியும் இருந்தது.

சித்தார்த் நல்ல குரலில் விளக்கிக்கொண்டு போனார். சிவந்தி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஏழாவதில் கை நின்றது. "நெக்ஸ்ட் மேடம்" என்றார் அவர். தட்டினாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா, எந்த டாக்டராண்ட போய்க் கட்டிகின பல்லு? எங்கள்க்கு சொல்லவே இல்ல."

சிரிப்பு எழுந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கன்னியம்மாவின் கை முந்தானையோடு வாய்க்குப் போனது. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். இல்லாததை வரைகிற பெண் யார் என்று அந்த மண்டபத்தில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரியும். சிவந்தி அந்தப் பார்வைக்குக் குனியவில்லை. குனிந்திருந்தால் வலி குறைந்திருக்கும்.

சித்தார்த், குளிக்கவும் பொழுதுபோக்கவும் வரும் பெண்கள் என்று படிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அப்படியே அறுந்தது.

சிவந்தி அந்தப் படவரிசையை மூடினாள். மடிக்கணினியிலும் இருந்த, படம் செய்த கோப்பைத் திறந்தாள். வேண்டாம் என்று விட்டவை போக, செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் ஏஐ தேதி போட்டு வைத்திருந்தது. பின்னால் போகும் அம்புக்குறியைத் தட்டினாள்.

பெரிய திரையில் பற்கள் மறைந்தன. பறி திரும்பி வந்து அம்மாவின் வாயில் தொங்கியது. இன்னொரு தட்டு. நீலம் வடிந்து தண்ணீர் கறுத்தது. இன்னொரு தட்டு. மூன்று புகைபோக்கிகளும் புகையோடு எழுந்து நின்றன.

"மேடம், வேற ஃபைல் ஓப்பன் ஆயிருக்கு" என்றார் சித்தார்த், இன்னும் மரியாதையாக.

"இதுதான் சார் நீங்க அனுப்புன ஃபைலு."

முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து புரொஜெக்டர் ஒயரை நோக்கிப் போனான். பிராங்கிளின் பிளக்குக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"தொடாத மாமு. ஷாக் அடிக்கும்."

சிவந்தி எழுந்து நின்றாள். இந்தக் கூடையை எடுத்தது தான்தான் என்றும், எடுக்கச் சொன்ன வாட்ஸ்அப் தன் போனில் இருக்கிறது என்றும் சொன்னாள். பின்வரிசைவரை கேட்கும்படி சொன்னாள். அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். தாக்கல் செய்த புத்தகம்தான் ஆவணம், திரையில் ஓடுவது கணக்கில் வராது, சொல்ல வேண்டியதைச் சம்பந்தப்பட்டவர்கள் மைக்கில் சொல்லலாம் என்றார்.

கன்னியம்மா எழுந்தாள். மைக்கை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மேடைப் படியேறி, மேசைக்கு முன்னால் போய், முந்தானையை எடுத்துவிட்டு, அதிகாரியின் முகத்துக்கு எதிரே வாயை அகலத் திறந்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"பாரு சார். நல்லா பாரு. குளிக்க வந்தவளுக்குப் பல்லு தேயுமா? எழுதிக்கோ."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். எழுது என்பது போல் அதிகாரி தலையை அசைத்தார். பேனா ஓடியது.

"இன்னா எழுதுன? படி."

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திருமதி கன்னியம்மா, சேற்றுத் திட்டில் கையால் இறால் பிடிக்கும் தொழில் செய்வதாகத் தெரிவித்தார் என்று படித்தார்.

"தெரிவிக்கல. காட்டுனா. காட்டுனான்னு எழுது. பின்னாடி நாப்பது வாயி கீது, எல்லாத்தியும் பாத்து எழுது."

பெண்கள் எழுந்து வரிசை கட்டினார்கள். படியிறங்கி வந்த கன்னியம்மா மகளின் மேசையருகே நின்றாள். தொட்டுவிடுகிற தூரம். தொடவில்லை.

"அந்தப் பல்ல வெக்க எவ்ளோ நேரம் ஆச்சி உனக்கு?"

"பத்து செகண்டும்மா."

கன்னியம்மா ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களை ஒழுங்குபடுத்தப் போனாள்.

மேசைமேல் சிவந்தியின் போன் அதிர்ந்தது. திரையில் ஜெபின் சார். அவள் எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அது மேசை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். ஓலை விளிம்பும் அதைக் கடித்திருந்த இரண்டு தேய்ந்த பற்களும் திரை முழுக்க நிறைந்தன. எழுத்தருக்குச் சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொள்ளட்டும். மேடையில் இரண்டாவது பெண் வாயைத் திறந்தாள்.