பம்பில் நின்ற காற்று

புதுக் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்தான் சரி என்று முதலில் சொன்னவர் மாமனார். மருமகளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் காலமெல்லாம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். எஞ்சின் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவேண்டும் என்பது அவர் கட்சி. விசிறி வைத்துச் சூட்டை ஆற்றுவதெல்லாம் கொதிக்கிற பாலை வாயால் ஊதிக்கொண்டு நிற்கிற கதை என்பார்.

அவளுக்கு ஒலிக்கலவை வேலை. விளம்பரமோ ஆவணப்படமோ, எது வந்தாலும் குரலையும் இசையையும் மற்றச் சத்தங்களையும் அளவாகச் சேர்த்து வீட்டிலிருந்தே முடித்து அனுப்புவாள். சின்ன வேலையென்றால் மைக் முன்னால் அவளே பேசிவிடுவதும் உண்டு. பழைய கம்ப்யூட்டரை அவள் கணவன் பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் பூட்டிக் கொடுத்திருந்தான். அவன் போன பிறகும் அது கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அப்புறம் பெரிய வேலை எதைத் திறந்தாலும் விசிறிகள் அலறின. பதிவில் குரலைவிட அந்த அலறல்தான் முன்னால் நின்றது. கடைசியில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

கடைக்குக் கிளம்பியபோது மாமனாரும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மகன் போனதிலிருந்து அவர் தானாக எங்கும் கிளம்பியதில்லை. அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றியெடுத்த பழைய கேபினெட்டை, வெறும் இரும்புப் பெட்டியை, துடைத்து ஒரு போர்வையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"புதுசெல்லாம் இதுக்குள்ளேயே போடச் சொல்லும்மா. அவன் தேடிப் பிடிச்சு வாங்கினது."

கடையில் கம்ப்யூட்டர் பூட்டுகிற பெண்ணை எல்லோரும் ஃபேனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன கேட்டாலும் நல்ல விசிறியாக ஒன்று போட்டால் போதும் என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். அவள் போர்வையைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"அழகான பொட்டிதான். ஆனா ரொம்ப ஒல்லி. பெரிய ஃபேன் வச்சா பக்கக் கதவு மூடாது. சின்ன ஃபேன் வச்சா மறுபடியும் கத்தும்."

"அதான் தண்ணி வைக்கச் சொல்றேன்" என்றார் மாமனார்.

"ஐயா, தண்ணின்னா ரெண்டு வகை இருக்கு. நம்மளே குழாய் வெட்டி, வளைச்சு, தண்ணி ஊத்தி விடுறது ஒண்ணு. பாக்க ஜோரா இருக்கும். ஆனா கொழந்தைய வளக்குற மாதிரி. தண்ணி மாத்தணும், ஒழுகுதான்னு பாக்கணும். இன்னொண்ணு கம்பெனியிலயே மூடி அனுப்புறது. பம்பு, குழாய், சூட்ட ஆத்துற ரேடியேட்டர் எல்லாம் சேந்தே வரும். மாட்டிட்டு மறந்துடலாம்."

"மறந்துடுற மாதிரி குடுங்க" என்றாள் மருமகள்.

ஃபேனக்கா மூடிய செட் ஒன்றை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்து வைத்துப் பார்த்தாள். திருப்தியாக இல்லை. "ரேடியேட்டர் உச்சியில இருக்கணும் மேடம். குழாய்க்குள்ள தண்ணியோட எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும். அது மேல போய் ரேடியேட்டர்ல தங்கிடும், தொந்தரவு இல்ல. இந்தப் பொட்டிக்கு மேல தகடு மூடியிருக்கு. அடியிலதான் வைக்க முடியும். அப்ப பம்பு உச்சியாயிடும், காத்து அங்க வந்து உக்காரும். மேல் தகட அறுத்துட்டா..."

"பொட்டி மேல யாரும் ரம்பம் வைக்கக் கூடாது" என்றார் மாமனார்.

அவர் குரல் உயர்ந்ததில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபேனக்கா அவரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். மருமகள் லேசாகத் தலையசைத்தாள்.

"சரிங்க ஐயா. அடியிலேயே வைக்கிறேன். சத்தம் வந்தா என்னத் திட்டாதீங்க."

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. கடை ஆட்கள் அவள் வேலை செய்யும் அறையில், மேஜைக்குப் பக்கத்தில் வைத்து ஆன் செய்துவிட்டுப் போனார்கள். விசிறிகள் பெயருக்குச் சுற்றின. அறை அப்படி அமைதியாக இருந்தது. அவள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

குளுக்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் குளுக், குளுக், குளுக்.

அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவள் மேஜையைப் பார்க்கவில்லை. கால்கள் ஜன்னலோரம் போய் நின்றன. கை, அங்கே இல்லாத ஒரு குழாயைத் தேடிக் காற்றில் துழாவியது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அந்த இடத்தில்தான் அவன் கட்டில் இருந்தது. நுரையீரல் கெட்டுப்போய் அவன் படுத்திருந்த காலம் முழுவதும் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டு போய்த்தான் அவன் மூக்குக்குச் சேரும். சமையலறையில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் அவள் காது அந்தக் குமிழிச் சத்தத்தின் மேலேயே இருக்கும். சத்தம் கேட்டால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது அதே சத்தம், அதே அறையில். சத்தங்களைப் பிரித்துப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாமனார் கதவருகே வந்திருந்தார். மகன் போன நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வெளியிலிருந்தே கேட்பார். அன்று உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா ஓடுதும்மா" என்றார்.

அவள் ஜன்னலோரத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அவள் வேலை செய்துகொண்டிருக்க, அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மகன் போனதிலிருந்து பகலிலும் தூங்காமல், இரவிலும் தூங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்த மனுஷர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. சாப்பாடு இறங்கியது. அடுத்த வீட்டுக்காரரோடு வாசலில் நின்று பேசக்கூடச் செய்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் இப்போது தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அவள் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. குளிக்கும்போது பாதியில் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பாள். தெருவில் நடக்கும்போது, போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடவேண்டும் போல இருக்கும்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பக்கம். யார் எப்படி ஆடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டார். முகம் கம்ப்யூட்டர் பக்கம் இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினார். குளுக் குளுக் என்றது. "ஆமா, நானும் அதத்தான் சொல்றேன்" என்று தலையாட்டிவிட்டு மேலே வாசித்தார்.

அவள் டம்ளரோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

மகன் போன அன்று மத்தியானமும் அவர் இப்படித்தான் விளையாட்டுப் பக்கத்தை அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவருக்குப் புரியவில்லை. பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். அவள் போய் மெஷினை அணைத்தாள். திடீரென்று விழுந்த அமைதியில் அவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தி, "ஏம்மா அணைச்ச?" என்றார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்த நிலையில் வேலை கொடுத்தவர்களிடமிருந்து ஃபோன் வந்தது. "வாய்ஸ் நல்லா வந்திருக்கு. ஆனா பின்னாடி என்ன, உலை கொதிக்குதா?" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பிறகு ஃபேனக்காவை வரச் சொன்னாள்.

ஃபேனக்கா பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, பம்பின் மேல் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. காத்து பம்புக்குள்ளேயே சுத்துது. இப்படியே விட்டா பம்பு தேஞ்சு நின்னுடும். நின்னா உங்க ப்ராசஸர் வெந்துடும். ஒண்ணு பொட்டிய மாத்தணும், இல்ல மேல அறுக்கணும்." ஸ்டூலில் இருந்தவரிடம் திரும்பினாள். "ஐயா, நீங்க டிரைவர் ஆச்சே. ரேடியேட்டர்ல காத்து மாட்டினா எப்படிக் கத்தும்னு உங்களுக்குத் தெரியாதா? மொத நாளே கூப்பிட்டிருக்கலாம்ல?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ஃபேனக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லக்கா. கொஞ்சம் உக்காருங்க. இதோ வரேன்."

மாமனார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"தெரியுமா மாமா?"

"தெரியும்." திரும்பாமலே சொன்னார். "ஆன் பண்ணின உடனேயே தெரியும். எத்தனை வண்டியில கேட்டிருப்பேன் இந்தச் சத்தத்த. வேற ஒருத்தன் இப்படி வண்டி ஓட்டினா கன்னத்துல விட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் எப்பப் போனான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் வாசிச்சுட்டிருந்தேன். சத்தம் வந்துட்டிருந்துச்சு. நீ அணைச்ச, அப்பதான் போனான். எனக்கு அப்படித்தான். புத்திக்குத் தெரியும், அவன் முன்னாடியே போயிட்டான்னு. காதுக்குத் தெரியல. உன் மேல கோவமில்ல, சத்தியமா இல்ல. ஆனா அந்த ரூமுக்குள்ள வர முடியல. இப்ப அந்தச் சத்தம் வந்துச்சா... அவன் இருக்கான்னு நெனைக்கலம்மா. எனக்கு ஒண்ணும் மூளை கெட்டுப் போயிடல. இன்னும் போகலன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அந்தச் சத்தத்துல இருக்க முடியல மாமா. ராத்திரி பகல் எந்நேரமும் அவருக்குக் காவல் இருக்கிற மாதிரியே இருக்கு. தூங்கியே எத்தனையோ நாளாச்சு."

அவர் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தார். இத்தனை நாளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் பார்க்காமல் விட்டதை நினைத்தோ என்னவோ, அவர் வாய் கோணியது.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்க தூங்குனீங்களே மாமா."

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்தக்காகிட்ட சரி பண்ணச் சொல்லலாம்" என்றாள். "ஆனா திரும்பவும் நான் போய் அணைக்க மாட்டேன். என்னால முடியாது மாமா."

"நீ அணைக்க வேண்டாம்" என்றார் அவர்.

உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் நின்று, எதை அழுத்துவது என்று தெரியாமல் ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்தார். அவள் காட்டினாள். அவர் விரலை வைத்து அழுத்தினார். பழக்கமில்லாததால் லேசாக அழுத்திவிட்டார் போல, ஒன்றும் ஆகவில்லை. குளுக் குளுக் என்றது. மறுபடியும், இந்த முறை நன்றாக, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். திரை இருண்டது. விசிறிகள் மெதுவாகி நின்றன. கடைசியாக ஒரு குமிழி உள்ளே எங்கோ புரண்டது. அதுவும் நின்றது.

அவர் விரலை எடுக்கவில்லை. அவள் அவர் தோளைத் தொட்டாள். கிழவர் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஃபேனக்கா விஷயம் எதுவும் தெரியாவிட்டாலும் எழுந்து, சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு விரலை எடுத்துவிட்டு அவர், "போயிட்டான்ம்மா" என்றார். மகனுக்காக அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுது ஓய்ந்ததும் ஃபேனக்காவிடம், "அறுத்துடுங்க. கோணலா அறுக்காதீங்க" என்றார்.

"ஸ்கேல் வச்சு அறுக்கிறேன் ஐயா."

பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனாள். மேல் தகட்டை அறுத்து, ஓரங்களை ராவி, ரேடியேட்டரை உச்சியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அறுத்தெடுத்த தகட்டுத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். மாமனார் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, பழைய இரும்புக்குப் போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது கம்ப்யூட்டர் ஓடுவதே தெரியவில்லை. விளக்கு எரிவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் வேலைகள் சுத்தமாகப் போகின்றன. யாரும் உலை கொதிக்கிறதா என்று கேட்பதில்லை. இருவரும் முன்புபோல இல்லாவிட்டாலும் ஓரளவு தூங்குகிறார்கள். மாமனார் அந்த அறைக்கு வருகிறார், ஜன்னல் கதவைத் திறந்துவிடுகிறார், ஜன்னலோரமே நாற்காலி போட்டு உட்காரவும் செய்கிறார்.

ஆனால் சில சமயம், பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அவள் நிறுத்திவிடுகிறாள். எதையும் கேட்டு அல்ல. ஒன்றும் கேட்கவில்லை என்பதால். அமைதி அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜன்னலோரம் மாமனாரும் அசையாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"டீ போடட்டுமாம்மா?" என்பார் கடைசியில்.

"போடுங்க மாமா" என்பாள்.